பழைய வீட்டுச் சமையற்கட்டு: எதை மாற்றலாம், எதைத் தீண்டலாகாது

காரைக்குடி, கானாடுகாத்தான் முதலிய செட்டிநாட்டு ஊர்களில், முகப்பையும் வளவையும் கடந்து பின்கட்டில் அமைந்திருக்கும் சமையற்கட்டைச் சீர்திருத்த எண்ணுகிறவர்களுக்கு மூன்று மார்க்கங்கள் இருக்கின்றன. உள்ளதை அடியோடு பெயர்த்து நவீன அலமாரிகளால் நிரப்புவது ஒன்று. பழையதைப் பூட்டி வைத்துவிட்டு, பக்கத்து உக்கிராண அறையில் புதிதாக அடுப்பேற்றுவது மற்றொன்று. சுவரையும் தரையையும் தொடாமல், புழங்கும் சாமான்களை மட்டும் மாற்றிக்கொள்வது மூன்றாவது. முதல் மார்க்கத்தை விரும்புகிறவர்கள் புது வீடே கட்டிக்கொள்ளலாம். இரண்டாவது, இடம் தாராளமாக உள்ள வீட்டுக்குப் பொருந்துமாயினும், அடுப்பெரியாத அறையில் எலியும் கரையானும் குடியேறிவிடும் என்பதை மறக்கலாகாது. மூன்றாவதே என் கட்சி.

சுவர் விஷயத்தில்தான் அதிகமான சேதம் நேர்கிறது. சுண்ணாம்புச் சாந்தால் எழுப்பிய செங்கற்சுவர் ஈரத்தை வாங்கி, வாங்கியதை மெல்ல வெளியே விடும் சுபாவமுடையது. அதன்மேல் சிமெண்டைப் பூசினாலோ, ஈரம் போக வழியின்றி உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, சில மழைக்காலங்களில் பூச்சு பொருக்குப் பொருக்காக உதிரத் தொடங்கும். சுண்ணாம்புப் பூச்சு இறுகுவதற்கு நாளாகும். கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்த்துப் பக்குவமாக அரைக்கத் தெரிந்த கொத்தனாரும் எளிதில் அகப்படமாட்டார். ஆயினும் காத்திருப்பதே லாபம்.

தரையில் ஆத்தங்குடிக் கல் இருக்குமானால் அது உங்கள் பாக்கியம். சூளையில் சுடாமல், கண்ணாடித் தகட்டின்மேல் வர்ணக் குழம்பை ஊற்றி, அதன் பின்னே மணலும் சிமெண்டும் இட்டு அழுத்தி, நீரில் ஊறவைத்து எடுப்பதாகையால், அக்கண்ணாடியின் வழவழப்பே கல்லின் முகத்தில் பதிந்துவிடுகிறது. துடைக்கத் துடைக்க மெருகேறும். அழகுக்கு ஆசைப்பட்டு அதையே மேடைக்கும் பதிப்பது பிசகு: புளிக்கரைசல் சிந்திய இடமெல்லாம் அரித்து வெளிறிப்போகும். கடப்பைக் கல்லும் சுண்ணாம்பினமே. அதற்கும் அதே வியாதி. மேடைக்குக் கிரானைட்டே உத்தமம். பளபளவென்று மெருகிடாமல் சற்றுச் சொரசொரப்பாக விட்டால், பக்கத்திலிருக்கும் ஆட்டுக்கல்லோடு இசைந்து நிற்கும். (அந்த ஆட்டுக்கல்லைத் தோட்டத்து அலங்காரமாக்குவது இப்போதைய நாகரிகம்; எனக்குச் சம்மதமில்லை.) மேடையைச் சுவரில் பிணைக்காமல் தேக்குக் கால்களின்மேல் நிறுத்துங்கள், பிற்பாடு வேண்டாமென்றால் எடுத்துவிடலாம்.

புகையை வெளியேற்றும் யந்திரத்துக்காகச் சுவரில் புதுத் துளை போடுவதினும், அதன் குழாயைப் பழைய புகைபோக்கியின் வழியே விடுவது மேல். சமையல் வாயு காற்றைவிடக் கனமானதாகையால், தரையை ஒட்டி ஒரு காற்றுப்போக்கி அவசியம். இதில் மட்டும் பழமையை முன்னிட்டுத் தயங்கலாகாது.

எந்த மார்க்கத்தைத் தேர்ந்தாலும், கொத்தனாரை அழைப்பதற்கு முன் சுவரில் உள்ளங்கையளவு சுரண்டிப் பார்த்து, உள்ளே இருப்பது சுண்ணாம்பா, முன்பே யாரேனும் பூசிவிட்டுப்போன சிமெண்டா என்பதை நிச்சயப்படுத்திக்கொள்ளுங்கள்.