அடைக்கோழி வைக்கப் போகிறீர்களா?

1. கூட்டை விட்டு எழாமல், கிட்டே போனால் இறகைச் சிலிர்த்து உறுமினால் கோழி அடைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அதற்காக உடனே நல்ல முட்டைகளை வைத்துவிடாதீர்கள். ஒன்றிரண்டு கடை முட்டையை வைத்து, இரவிலும் அதே இடத்தில் படுக்கிறதா என்று இரண்டு நாள் பாருங்கள். சில கோழிகள் பகலில் அமர்ந்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் மரத்தில் ஏறிவிடும். சிறுவிடைக் கோழிகளை இதில் தாராளமாக நம்பலாம்.

2. சேவலோடு திரியும் கோழியின் முட்டைதான் பொரியும். முட்டைப் பண்ணைகளில் சேவலே கிடையாது. அதனால் கடை முட்டையை எத்தனை நாள் அடை வைத்தாலும் கூமுட்டைதான். ஓடு பழுப்பாக இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம்.

3. இட்டு ஒரு வாரத்துக்கு மேல் ஆகாத முட்டைகளாக எடுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் நான்கு நாளே அதிகம். அதுவரை குளிர்ச்சியான மூலையில், மணல் பரப்பிய சட்டியில், கூர்முனை கீழே இருக்கும்படி வையுங்கள். அழுக்காக இருந்தாலும் கழுவக் கூடாது. ஓட்டின் மேலுள்ள மெல்லிய பூச்சு போய்விட்டால் கிருமி உள்ளே இறங்கிவிடும். ரொம்பவும் அழுக்கான முட்டையைக் குழம்புக்கு எடுத்துக்கொள்வதே நல்லது.

4. ஒரு நாட்டுக்கோழிக்குப் பத்து முதல் பன்னிரண்டு முட்டை போதும். ஆசைப்பட்டுப் பதினைந்து வைத்தால், வயிற்றுக்கு வெளியே நிற்கும் முட்டைகள் மாறி மாறிக் குளிர்ந்து மொத்தமும் கெடும்.

5. மூங்கில் கூடையில் மணலும் சாம்பலும் கலந்து போட்டு, மேலே வைக்கோல் பரப்புங்கள். வேப்பிலையோ நொச்சி இலையோ அடியில் கொஞ்சம் இருக்கட்டும். பேன், செல்லு மொய்த்தால் எப்பேர்ப்பட்ட கோழியும் பாதியில் எழுந்து போய்விடும். இடிக்குப் பயந்து கூடையில் ஆணியும் கரியும் மிளகாயும் போடும் பழக்கம் உண்டு. இடியால் முட்டை கெடுவதில்லை. மழைச்சாரலில் கூடை நனைந்தால் நிச்சயம் கெடும். ஆணியைத் தேடும் நேரத்தில் கூரை ஒழுகுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

6. எல்லா முட்டையையும் ஒரே நாளில், இருட்டிய பிறகு வையுங்கள். பென்சிலால் அடையாளம் போட்டுவிட்டால், வேறு கோழி வந்து புதிதாக இட்டுவிட்டுப் போவது தெரிந்துவிடும்.

7. அடைக்கோழி தினம் ஒரு தடவை இரை எடுக்க இறங்கும். கால் மணி, இருபது நிமிடத்தில் தானே திரும்பிவிடும், பதற வேண்டாம். கம்பு, சோளம், தண்ணீர் பக்கத்திலேயே இருக்கட்டும். இறங்க மனமில்லாத கோழியை நீங்களே தூக்கி வெளியே விடுங்கள். இல்லாவிட்டால் கூட்டிலேயே எச்சமிட்டு முட்டையை நாறடித்துவிடும்.

8. ஏழாம் நாள் இரவு, டார்ச் வெளிச்சத்தை முட்டையின் அகன்ற முனையில் வைத்துப் பாருங்கள். சிலந்தி வலை போல ரத்த நாளங்கள் தெரிந்தால் கரு வளர்கிறது. ஒன்றும் தெரியாமல் தெளிவாக இருப்பது கூமுட்டை. எடுத்துவிடுங்கள், விட்டுவைத்தால் அழுகி வெடிக்கும்.

9. பதினெட்டாம் நாளுக்குப் பிறகு கூட்டில் கை வைக்காதீர்கள். இருபத்தோராம் நாளை ஒட்டி ஓடு விரியும். முதல் விரிசல் விட்டதிலிருந்து குஞ்சு வெளிவர ஒரு நாள் முழுக்க ஆகலாம். பரிதாபப்பட்டு ஓட்டை உரிப்பவர்களால் சாகும் குஞ்சுகள் பல. உள்ளே ரத்த நாளங்கள் வற்றி, மஞ்சள் கரு வயிற்றுக்குள் இழுபடும் முன்பே பிரித்துவிடுகிறோம். அந்த மஞ்சள் கருதான் வெளியே வந்த பிறகும் ஒரு நாளுக்கு மேல் அதற்குச் சாப்பாடு. ஆகவே பொரித்த கையோடு இரை திணிக்கவும் வேண்டாம்.

10. வாத்து முட்டை வைத்தால் 28 நாள் ஆகும். கோழி முட்டையோடு சேர்த்து வைக்காதீர்கள். முதல் குஞ்சுகள் வந்ததும் தாய் கிளம்பிவிடும்.

11. அடை வேண்டாம் என்றால் மூக்கில் இறகு செருகுவது, தண்ணீரில் முக்குவது போன்ற கொடுமைகள் தேவையில்லை. அடிப்பக்கம் கம்பி வலை போட்ட கூண்டைத் தரையிலிருந்து உயர்த்தி வைத்து, தீனி, தண்ணீரோடு மூன்று நான்கு நாள் அடைத்து வையுங்கள். வயிற்றில் காற்றுப் பட்டுச் சூடு தணிந்தால் அடையும் தெளியும்.

12. குஞ்சுகளுக்குக் குருணை, உடைத்த கம்பு கொடுங்கள். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட்டால் மூழ்காது. ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சலுக்கான சொட்டு மருந்தைக் கண்ணிலோ மூக்கிலோ விட வேண்டும். பொரிக்கும் நாளை முன்கூட்டியே கால்நடை மருந்தகத்தில் சொல்லி வையுங்கள்.