நாமே கோள்கள்: மைதானத்தில் ஒரு கோலம்

அறிவியல் புத்தகத்தில் சூரியக் குடும்பப் படம் பார்த்திருப்பீர்கள். அதில் கோள்கள் நகராது. நகர்ந்தால்தானே விஷயமே புரியும்? அதனால் நாங்கள் மைதானத்தில் பெரிய கோலம் போட்டு, கோள்களுக்குப் பதிலாக நாமே அதில் நடப்பது என்று முடிவு செய்தோம். வட அயர்லாந்தில் அர்மா வானாய்வகத்தில் 2004-ல் எஃகு வட்டுகள் பதித்து இப்படி ஒன்று அமைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு எஃகு, நமக்குக் கோலமாவு!

நடுவில் முளை அடித்துக் கயிறு கட்டி வட்டம் போடணும். பூமிக்கு 2 மீட்டர் கயிறு என்றால், புதனுக்கு 77 செ.மீ., வெள்ளிக்கு 1.45 மீட்டர், செவ்வாய்க்கு 3.05 மீட்டர், வியாழனுக்கு 10.4 மீட்டர். சனிக்கு 19 மீட்டர் வேணும். அது காம்பவுண்டைத் தாண்டிவிடும், அதனால் வியாழனோடு நிறுத்திக்கொண்டோம். இந்த அளவுப்படி சூரியன் சின்ன நெல்லிக்காய்தான், பூமி ஒரு மாவுத் துகள். ஆனாலும் அழகுக்காக மஞ்சள் பூசிய பானையைச் சூரியனாக வைத்தோம்.

அடுத்தது புள்ளி. ஒரு கைதட்டலுக்கு 16 நாள். பூமி சுற்றிவர 365 நாள், 16-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 23. ஆகவே பூமிக்கு 23 புள்ளி. வட்டத்தின் சுற்றளவு 12.57 மீட்டர், 23-ஆல் வகுத்தால் புள்ளிக்குப் புள்ளி 55 செ.மீ. வருகிறது. (கணக்கு நோட்டில் வட்டம் எதுக்கு என்று கேட்டவர்கள் கவனிக்க!) வெள்ளிக்கு 14, செவ்வாய்க்கு 43, வியாழனுக்கு 271 புள்ளி. புதனுக்கு ஐந்தரைதான் வரும். அதனால் 11 புள்ளி வைத்து இரண்டிரண்டாகத் தாண்டணும்.

எல்லோரும் சேர்ந்து கை தட்ட, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் நடக்கணும். பார்க்க வந்த சின்னப் பிள்ளைகளும் மாறி மாறி உள்ளே வந்து நின்றார்கள். பூமியாக நிற்கிறவளுக்கு மட்டும் ஒரு வேலை உண்டு. செவ்வாயாக நிற்கிறவளைப் பார்த்து, அவளுக்குப் பின்னால் தூரத்தில் எந்தத் தென்னை தெரிகிறது என்று சத்தமாகச் சொல்லணும். நான் பூமி. ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். அவளை நெருங்கித் தாண்டும்போது நாலாவது தென்னையில் இருந்தவள் மூன்றாவதுக்கு வந்துவிட்டாள்! "பின்னாடி போகாதடி" என்றேன். "நான் எங்க போனேன், முன்னாடிதானே வர்றேன்" என்றாள். கீழே பார்த்தால் உண்மைதான். நாலைந்து தட்டு கழித்து மறுபடி நாலாவது தென்னைக்குப் போனாள்.

பஞ்சாங்கத்தில் செவ்வாய் வக்கிரம் என்று போடுவது இதைத்தான். பஸ் தாண்டும்போது பக்கத்தில் போகும் சைக்கிள் பின்னால் போகிற மாதிரித் தெரிகிறதே, அதேதான். செவ்வாய் திரும்பவே இல்லை, நாம்தான் வேகமாகத் தாண்டுகிறோம். எங்கள் வீட்டில் வக்கிரம் என்று சொல்லி ஒரு கல்யாணப் பேச்சையே இரண்டு மாதம் தள்ளிப் போட்டார்கள். ஆச்சியை ஒரு நாள் கூட்டி வந்து பூமியின் புள்ளியில் நிற்க வைக்கணும்.

பூமி செவ்வாயைத் தாண்டுவது சுமார் 780 நாளுக்கு ஒரு முறை, அதாவது 49 கைதட்டல். 2025 ஜனவரி 16-ல் தாண்டியது. அதற்கு அடுத்தது 2027 பிப்ரவரி 19.

வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் மறுபடி கோலம் போடுகிறோம். புதனுக்கு நன்றாகத் தாண்டுகிற இரண்டு பேர் வேணும். வியாழனுக்குப் பொறுமைசாலி ஒருத்தர் போதும்.