உழைச்செல்வார்க்கும் ஓர் உழைச்செல்வார்

திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார். நோயுற்றவன் ஒருவன், அந்நோயைத் தீர்ப்பவன் ஒருவன், மருந்து ஒன்று, நோயாளியின் அருகிருந்து அம்மருந்தை ஊட்டிப் பேணும் உழைச்செல்வான் ஒருவன். இந்நான்கும் கூடியதே மருத்துவம் என்பது அவர் கருத்து. உழை என்பது பக்கம் என்னும் பொருளது. பக்கத்தே சென்று நிற்பவன் உழைச்செல்வான். அவனுக்கு வேண்டிய பண்புகளையும் உரையாசிரியர் பரிமேலழகர் நான்காக எண்ணுவர். நோயாளியிடத்து அன்பு, மனம், மொழி, மெய் ஆகிய மூன்றன் தூய்மை, சொல்லியவற்றைச் சொல்லியவாறே செய்து முடிக்கும் வன்மை, அறிவு என்பன அவை.

அவ்விடத்தில் இன்று நிற்போரைச் செவிலியர் என்கிறோம். அப்பெயரும் பழமையானதே. சங்க அகப்பாடல்களில் தலைவியை ஈன்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. பிறர் மகவைத் தன் மகவாக வளர்த்தவளின் பெயர், பிறர் வீட்டு நோயாளியைத் தம் உறவாகப் பேணுவோர்க்கு வழங்கலாயிற்று. பொருத்தமான பெயரே. ஆயின் அப்பெயரைப் பெறுதற்கு ஓர் இளைஞரோ நங்கையோ கடக்கவேண்டிய ஆண்டுகளைப்பற்றி நாம் மிகுதியாக எண்ணுவதில்லை. குடும்பத்தின் சுமையையும் தம் உள்ளத்தின் சுமையையும் உடன் தாங்கிக்கொண்டு அவர்கள் இக்கல்வியை எங்ஙனம் முடிக்கின்றனர்? மனவுறுதி ஒன்றே அதற்குப் போதுமா? இவ்விரு வினாக்களையே யாம் இக்கட்டுரையில் ஆராயப் புகுகின்றோம்.

க. கல்வியின் இயல்பு

பள்ளி இறுதி வகுப்பைத் தேறியோர் நம் நாட்டில் பயிலும் செவிலியர் கல்வியுள் பட்டயக் கல்வி மூன்றாண்டினது. இளநிலைப் பட்டக் கல்வி நான்காண்டினது. உடற்கூறு, உடலியங்கியல், நுண்ணுயிரியல், மருந்தியல் முதலியன வகுப்பறையில் கற்கப்படும். மகப்பேறு, குழந்தை நலம், மனநலம், சமுதாய நலம் ஆகியவை வகுப்பறையோடு நில்லாமல் மருத்துவமனையிலும் சிற்றூர்களிலும் நேரே பழகி அறியப்படும். காலை, மாலை, இரவு என மாறிவரும் முறைப்பணியும் மாணவர்க்கு உண்டு.

இக்கல்வியின் தனித்தன்மை யாது என்பதை வருகை விதி ஒன்றே விளக்கும். இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த பட்டப் பாடத்திட்டத்தின்படி, தேர்வு எழுதுதற்கு 80 விழுக்காடு வருகை வேண்டும். பட்டம் பெறுதற்கு முன்னரோ, செய்முறைப் பயிற்சியின் ஒவ்வொரு பகுதியிலும் 100 விழுக்காடு வருகை நிறைவுற்றிருத்தல் வேண்டும். எம்மைப் போலக் கலைக்கல்வி பயில்வோர் ஒருநாள் வகுப்புக்கு வாராதிருப்பின், தோழரிடம் குறிப்பேட்டை இரவல் பெற்று அக்குறையை ஒருவாறு நிரப்பிக்கொள்ளலாம். வார்டில் நின்று நோயாளியைப் பேணவேண்டிய நாளை எவரிடமும் இரவல் பெறல் இயலாது. வீட்டில் இறப்பு நேரினும், தாய் நோயுறினும், தவறிய நாள் தவறிய நாளே; பிறிதொரு நாளில் அதனை நின்று தீர்த்தல் வேண்டும்.

இவ்விதியைக் கொடிதென்று கூறுதல் பொருந்தாது. ஒரு மருந்தைக் கொடுக்குமுன் உரிய நோயாளி, உரிய மருந்து, உரிய அளவு, உரிய வழி, உரிய வேளை என ஐந்தனையும் சரிபார்த்தல் வேண்டுமென்று முதலாண்டிலேயே கற்பிக்கின்றனர். ஐந்தனுள் ஒன்று பிழைப்பினும் துன்புறுவோன் நோயாளி. ஆதலின் விதி தளர்தல் ஆகாது. விதி தளராதாயின், அதற்கு உட்பட்டோர் தளராதிருக்க வழி காண்பதே நம் கடன்.

உ. மூவகைத் தடை

மாணவரை வருத்தும் தடைகளைப் பொருள், இல்லம், உள்ளம் என மூன்றாகப் பகுக்கலாம்.

பொருள்பற்றிய தடை வெளிப்படையானது. கட்டணம், விடுதிச் செலவு, சீருடை, நூல்கள் என்பவற்றிற்கு நிலத்தை அடகு வைத்தவரும், வட்டிக்குக் கடன் பெற்றவரும் பலர். பகுதிநேர வேலை செய்து ஈடுகட்டலாம் எனின், முறைப்பணி அதற்கு இடந்தருவதில்லை.

இல்லம்பற்றிய தடை அத்துணை வெளிப்படையானதன்று. ஒரு வீட்டில் செவிலியர் கல்வி பயிலும் மகள் இருப்பின், சுற்றத்தார் அனைவரும் அவளையே அவ்வீட்டின் மருத்துவமனையாகக் கருதுவர். பாட்டியின் புண்ணுக்கு மருந்திடுதலும், அண்டை வீட்டாரின் குருதியழுத்தம் பார்த்தலும், தம்பி தங்கையரைக் கவனித்தலும் அவள் பங்கே. மணமானவராயின் கணவரும் குழந்தையும் அவர் முகம் நோக்கி இருப்பர். மகன் பயில்வானாயின், அது பெண்டிர் தொழில் என்னும் ஏளனச் சொல்லையும் அவன் கேட்கவேண்டியவனாகின்றான்.

உள்ளம்பற்றிய தடையை வெளியே சொல்லுவோர் மிகச் சிலர். பதினெட்டு வயதில் முதன்முறையாக ஓர் இறப்பைக் கண்ணெதிரே காண்பதும், அன்று மாலையே விடுதியில் அமர்ந்து பாடம் படிப்பதும் எளியவல்ல.

இனி, இத்தடைகளைப் பரிமேலழகர் கூறிய நான்கு பண்புகளோடு இயைத்து நோக்குக. உறக்கமின்றிச் சொல்லியதைச் சொல்லியவாறே செய்யும் வன்மை நில்லாது. படிப்பதற்கு நேரமின்றி அறிவு வளராது. உள்ளம் வறண்டவிடத்து அன்பு சுரவாது. கடனுக்கு அஞ்சி வாழ்வோர்க்கு மனம் ஒருவழிப்படுதலும் அரிது. எனவே மாணவருடைய இல்லத்துத் துன்பம் அவரோடு ஒழிவதன்று. அது நோயாளியின் கட்டில்வரை நடந்து செல்வது என்க.

ங. வரலாறு காட்டும் சான்று

1820-ஆம் ஆண்டிற் பிறந்த பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் செல்வக் குடியினர். 1845-இல் சால்ஸ்பரி நகர மருத்துவமனையில் பயில அவர் விரும்பியபோது பெற்றோர் இசையவில்லை. நோயாளிகளைப் பேணும் வேலை நற்குடிப் பெண்டிர்க்குத் தகாதென்று அக்கால இங்கிலாந்தில் கருதினர். ஆறு ஆண்டுகள் கழிந்தபின், 1851-இலேயே ஜெர்மானிய நாட்டுக் கைசர்ஸ்வெர்த்தில், பிளீட்னர் என்னும் குருவானவர் நிறுவிய இல்லத்தில், ஏறத்தாழ மூன்று திங்கள் பயிலும் வாய்ப்புப் பெற்றார். 1853-இல் தந்தையார் ஆண்டுக்கு 500 பவுன் அளிக்க ஒருப்பட்டார். அதன்பின்னரே அம்மையார் தம் விருப்பின்படி தனித்து இயங்கலானார். அவருடைய உறுதியை யாவரும் போற்றுகின்றோம். அவ்வுறுதி செயலாதற்குத் தந்தையின் துணை வேண்டியிருந்தமையை மறந்துவிடுகின்றோம்.

அம்மையார் அதனை மறந்திலர். 1860-இல் அவர் பெயரால் இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் தொடங்கிய பயிற்சிப்பள்ளியில், மாணவியர்க்கு உணவும் உறையுளும் சீருடையும் சிறு கைச்செலவும் பொதுநிதியினின்றே அளிக்கப்பட்டன. பயிற்சி தருவோர் பயில்வோரின் வாழ்வையும் தாங்கவேண்டும் என்பது அப்பள்ளியின் அடிப்படைகளுள் ஒன்றாயிற்று.

மற்றொரு சான்று அமெரிக்க நாட்டது. அடிமைத்தளையினின்று விடுபட்ட பெற்றோர்க்கு 1845-இற் பிறந்தவர் மேரி எலைசா மகோனி. பாஸ்டன் நகரின் மகளிர் குழந்தைகள் மருத்துவமனையொன்றில் சமையல், துணி வெளுத்தல், துப்புரவு முதலிய வேலைகளைப் பல்லாண்டு செய்தார். 1878-இல், தம் முப்பத்து மூன்றாம் வயதளவில், அம்மருத்துவமனையின் செவிலியர் பள்ளியிலேயே மாணவியானார். பயிற்சி 16 திங்கள். உடன் தொடங்கியோருள் மிகச் சிலரே அதனை முடித்தனர். 1879-இல் முடித்த அச்சிலருள் அவர் ஒருவர். அமெரிக்கக் கறுப்பின மக்களுள் முறையான பயிற்சி முடித்த முதற் செவிலியர் அவரே. அவர் வென்றமை கண்டு மகிழ்கின்றோம். அவருடன் தொடங்கி இடையில் நின்றோர் எங்குச் சென்றனர் என்று நாம் வினவுவதில்லை. அவர்கள் யாவரும் உறுதியற்றவர்களோ? அங்ஙனம் கூறத் துணியோம்.

நம் நாட்டிற்கு வருவோம். வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909-இல் செவிலியர் பள்ளியைத் தொடங்கினார். 1946-இல் அங்கே பட்டக் கல்வியும் தொடங்கிற்று. அதே ஆண்டில் வெளிவந்த போர் குழுவின் அறிக்கை, பிரிவினைக்கு முன்னிருந்த இந்தியாவில் ஏறத்தாழ 43,000 மக்களுக்குச் செவிலியர் ஒருவரே இருந்த நிலையைக் காட்டிற்று. அத்தகைய வறுமையினின்று எழுந்த நாட்டில், பாதியில் நின்றுவிடும் ஒவ்வொரு மாணவரும் எத்துணைக் கட்டில்களுக்கு இழப்பாவர் என்பதை எண்ணுக.

ச. யாம் கண்டது

எம் தமக்கையார் செவிலியர் பட்டயக் கல்வி பயின்றவர். அவர் இரண்டாம் ஆண்டில் இருந்தபோது எந்தையார் பக்கவாதத்தால் படுக்கையில் வீழ்ந்தார். "நர்ஸுக்குப் படிக்கிற பெண் இருக்கும்போது வேறு ஆள் எதற்கு?" என்று உறவினர் பலரும் கூறினர். தமக்கையார் கல்வியை விடுவதற்கும் ஒருப்பட்டிருந்தார்.

அவரைத் தடுத்தவர் எம் சிற்றன்னையார். "நீ செய்வதை எங்களுக்குக் கற்றுக்கொடு, நீ போய்ப் படி" என்றார் அவர். படுக்கைப்புண் வாராதிருக்க நோயாளியை இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைத்தல் வேண்டும். அதனை எங்ஙனம் செய்வதென்று தமக்கையார் நான்கு நாளில் எம் வீட்டார் அனைவர்க்கும் பழக்கினார். பின்னர் ஒரு தாளில் மணியும் மருந்தும் ஆளும் குறித்துச் சுவரில் ஒட்டினார். பகல் அன்னையார்க்கு, முன்னிரவு சிற்றன்னையார்க்கு, நள்ளிரவுக்குப்பின் எமக்கு. விடுதிக் காப்பாளர், தவறிய பணிநாட்களை விடுமுறையில் நின்று தீர்க்க முன்கூட்டியே ஒழுங்கு செய்தார். உடன்பயிலும் தோழியொருத்தி பாடக்குறிப்புகளை இரண்டு படியாக எழுதினார். எம் திருச்சபையார் ஓர் ஆண்டுக் கட்டணத்தை ஏற்றனர்.

தமக்கையார் கல்வியை முடித்தார். இன்று பணியில் உள்ளார். பிறர் ஊருக்குச் சென்ற விடுமுறை முழுவதும் அவர் வார்டில் நின்றார் என்பதும், அந்த ஆண்டு முழுவதும் அவர் முகத்தில் நகை காணாதிருந்தோம் என்பதும் உண்மை. துணை கிடைத்தமையால் சுமை இல்லாமற் போகவில்லை, தூக்கும் அளவிற்றாயிற்று.

ரு. செய்யத்தக்கன

'உறுதி உடையோர் எத்துன்பத்தையும் வெல்வர். உறுதி இல்லார்க்கு எத்துணையும் பயன்படாது' என்பாரும் உளர். அற்றன்று. உறுதி விளக்கின் திரி போன்றது. திரி நன்றாயினும் எண்ணெய் வார்ப்போர் இல்லையாயின் சுடர் நெடுநேரம் நில்லாது. ஆதலின் அவரவர் செய்யத்தக்கவற்றைச் சுருங்கக் கூறுவோம்.

மாணவர் தம் துன்பத்தை மறைத்தல் கூடாது. தேர்வு தவறியபின் கூறும் சொல்லினும், தவறுமுன் ஆசிரியரிடத்தும் காப்பாளரிடத்தும் கூறும் சொல் பதின்மடங்கு பயன்தரும். இரவுப்பணிக்குப்பின் உறங்கும் வேளையைக் கடமையாகவே கொள்ளல் வேண்டும். அது சோம்பல் அன்று. வீட்டிற்குத் தாம் ஒருவரே செவிலியராய் நிற்பதை விடுத்து, அறிந்ததை வீட்டார்க்குக் கற்பித்தல் வேண்டும்.

குடும்பத்தார், பயிலும் பிள்ளையின் பணி அட்டவணையை அறிந்திருத்தல் வேண்டும். திருமணம், சடங்கு முதலியவற்றிற்கெல்லாம் அழைத்து, வாராமையைக் குறைகூறுதல் தகாது. தேர்வு நாட்களில் வீட்டுச் செய்திகளுள் உடனே அறியவேண்டியதையும் பொறுத்து அறியத்தக்கதையும் பகுத்து உரைத்தல் வேண்டும்.

திருச்சபையார்க்கும் ஊர்ப் பெரியோர்க்கும் ஒன்று கூறுவோம். பட்டம் பெற்ற நாளில் மாலையிடுதலினும், கட்டணம் செலுத்தவேண்டிய நாளில் அருகே நிற்றல் சிறந்தது.

கலைக்கல்வி பயிலும் நமக்கும் ஒரு பங்கு உண்டு. நம்முள் எத்தனையோ பேர்க்குத் தமக்கையரும் தங்கையரும் உடன்பிறந்தாரும் இக்கல்வியில் உள்ளனர். விடுமுறையில் வீடு செல்லும்போது நோயுற்ற முதியோரின் இரவுக் காவலை நாம் ஏற்கலாம். "என்ன படிக்கிறாய்?" என்று கேட்பதோடு நில்லாமல், "எத்தனை மணிநேரம் உறங்கினாய்?" என்றும் கேட்கலாம். இவை சிறியன, ஆயினும் ஓர் ஆண்டைக் காப்பன.

நல்ல சமாரியனின் உவமையை நாம் சிறுவயது முதல் கேட்டிருக்கின்றோம். குற்றுயிராய்க் கிடந்தவனின் காயங்களை அவன் கட்டினான், தன் வாகனத்தில் ஏற்றிச் சத்திரத்திற் சேர்த்தான், அன்றிரவு பேணினான். மறுநாள் அவன் தன் வழியே போகவேண்டியிருந்தது. அதற்காக நோயாளியைக் கைவிட்டானல்லன். நோயாளியின்பொருட்டுத் தன் வழியையும் விட்டானல்லன். சத்திரக்காரன் கையில் இரண்டு பணம் தந்து, பேணுதலில் அவனையும் பங்காளியாக்கினான். சமாரியனைப் புகழும் நாம் அச்சத்திரக்காரனை நினைப்பது அரிது. செவிலியர் கல்வி பயில்வோர் தம் வழியே சென்று மீள்வதற்கு இன்று வேண்டப்படுவோன் அவனே. நம் கல்லூரி மாணவரும் ஆசிரியரும் பழைய மாணவரும் அவ்விடத்தில் நிற்க முன்வருவாராக. பிறர் பக்கத்தே நிற்கப் பயில்வோரின் பக்கத்தே நாம் நிற்போமாக.