'அம்மா வீட்டில் இருக்கிறது': மரியாதைக் குறைவா, வீட்டுமொழியின் தடமா?

திருத்தணி வட்டம் 1960 ஏப்ரல் 1 அன்று சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்துடன் இணைந்தது. எல்லைக்கோடு மாறினாலும் வீட்டுமொழி மாறவில்லை. வீட்டில் தெலுங்கும் பள்ளியில் தமிழும் பேசும் குழந்தைகள் இன்றும் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். "அம்மா எங்கே?" என்று கேட்டால், அவர்களுள் சிலர் "அம்மா வீட்டில் இருக்கிறது" என்று விடை கூறக்கூடும். கண்டிக்கும் முன், அந்த 'இருக்கிறது' எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

காரணம்

தெலுங்கில் படர்க்கை ஒருமை வினைமுற்றுக்குப் பொதுவாக இரண்டு விகுதிகளே உண்டு. ஒன்று ஆண்பாலுக்கு, மற்றொன்று பெண்பாலுக்கும் அஃறிணைக்கும் பொது.

• தம்முடு இண்ட்லோ உன்னாடு – தம்பி வீட்டில் இருக்கிறான்
• அம்ம இண்ட்லோ உந்தி – அம்மா வீட்டில் இருக்கிறார்
• புஸ்தகம் சஞ்சிலோ உந்தி – புத்தகம் பையில் இருக்கிறது

அம்மாவுக்கும் புத்தகத்துக்கும் ஒரே 'உந்தி'. குழந்தை அதை அப்படியே தமிழுக்குக் கொண்டுவருகிறது. தாயை இழிவாகப் பேசவில்லை. ஸ்பானிய மொழியில் தம்பி, அம்மா, புத்தகம் எதுவானாலும் இருக்குமிடம் சொல்ல 'எஸ்தா' என்ற ஒரே சொல்தான். தமிழிலும் 'குழந்தை தொட்டிலில் இருக்கிறது' என்கிறோமே!

வகுப்பறைச் செயல்பாடு

1. கரும்பலகையில் திருத்தணி மலையை வரையுங்கள். மேலே முருகன் கோயில், 365 படிகள், அடிவாரம், ரயில் நிலையம் ஆகியவற்றைக் குறியுங்கள்.

2. மேல், கீழ், பக்கத்தில் ஆகிய சொற்களை எழுதி, அவற்றுக்கு வீட்டில் என்ன சொல்வார்கள் என்று கேளுங்கள். 'மீத, கிந்த, பக்கன' என்பவற்றை எதிரே தமிழ் எழுத்திலேயே எழுதுங்கள். 'பக்கம்–பக்கன' ஒற்றுமையைக் குழந்தைகளே கண்டுபிடிக்கட்டும்.

3. இடத்தை மாற்றாமல் ஆளை மட்டும் மாற்றுங்கள்: மலைமேல் கோயில் இருக்கிறது, தம்பி இருக்கிறான், தங்கை இருக்கிறாள், அம்மா இருக்கிறார், பக்தர்கள் இருக்கிறார்கள். அட்டைப் படங்களை நகர்த்தி, இருவர் இருவராக வினவி விடை கூறச் செய்யுங்கள்.

6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளில், இதே வாக்கியங்களை இரு மொழியிலும் அட்டவணையாக்கினால் திணை, பால் பாடத்துக்கு அதுவே நல்ல தொடக்கம்.

திருத்தும் முறை

குழந்தை தவறாகச் சொன்னால் பேச்சை நிறுத்த வேண்டாம். "அப்படியா, அம்மா வீட்டில் இருக்கிறாரா? என்ன செய்கிறார்?" என்று சரியான வடிவத்திலேயே உரையாடலைத் தொடருங்கள். பிறர் முன் "அம்மாவை அப்படிச் சொல்லலாமா?" என்று கேட்டால் குழந்தை அடுத்த முறை வாய் திறக்கத் தயங்கும்.

மதிப்பீடு

ஒரு வாரம் கழித்து, பழகாத படம் ஒன்றைக் காட்டி ஐந்து வாக்கியங்கள் கூறச் சொல்லுங்கள். இடச்சொல் சரியா, வினைமுற்று சரியா என்று தனித்தனியே குறியுங்கள். எதில் பயிற்சி தேவை என்பது அப்போது தெளிவாகும்.