பறக்கும் மருத்துவ வண்டி

போர்க்களத்தில் குண்டடிபட்டு உடனே மாண்டவர் பலர். உடனே மாளாது, உதவி வரும் என்று வழிபார்த்துக் கிடந்து, குருதி வடிந்து மாண்டவரும் பலர். பின்னவரைக் காக்க வழி கண்ட பெருந்தகை, பிரஞ்சு நாட்டு அறுவை மருத்துவராகிய தோமினிக் லாரே என்பவர்.

லாரே 1766ஆம் ஆண்டில் பிரனீசு மலைச்சாரலில் உள்ள சிற்றூர் ஒன்றில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தமையால், தந்தையின் உடன்பிறந்தாராகிய மருத்துவரிடம் வளர்ந்து மருத்துவக் கலையைக் கற்றார். 1792ஆம் ஆண்டில் ரைன் ஆற்றுப் பகுதியில் போரிட்ட படையில் மருத்துவராய்ச் சேர்ந்தார்.

அக்காலத்தில் மருத்துவ வண்டிகள் களத்துக்கு ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர் பின்னால் நிற்கவேண்டும் என்பது விதி. போர் ஓய்ந்த பின்னரே அவை புறப்படும். பெரும்பாரம் உடைய அவ்வண்டிகள் சேற்றிலும் மேட்டிலும் விரைந்து செல்லமாட்டா. அவை வந்து சேருமுன் ஒரு நாள் முழுதும் கழிந்துவிடுதலும் உண்டு. அதற்குள் பலருடைய உயிர் நீங்கிவிடும்.

இக்கொடுமை கண்டு லாரே மனம் வருந்தினார். அப்போது, குதிரைகள் இழுக்கும் இலகுவான பீரங்கி வண்டிகள் களத்தில் அங்குமிங்கும் விரைந்தோடுவதை அவர் நோக்கினார். கொல்லும் கருவிக்கு உள்ள விரைவு, காக்கும் வண்டிக்கும் வேண்டும் எனத் துணிந்தார். இரண்டு குதிரைகள் பூட்டிய இருசக்கர வண்டியை அமைத்தார். குலுங்காதவாறு வில் பொருத்திய அதன் பெட்டியில் மெத்தையிட்டு, இருவரைப் படுக்கவைக்க இடம் செய்தார். மருத்துவர்கள் கட்டுத்துணியும் கருவிகளும் தாங்கிக் குதிரைமீது உடன் சென்றனர். போர் நடக்கும்போதே குருதியைத் தடுத்துக் கட்டுக் கட்டி, புண்பட்டோரை வண்டியில் ஏற்றிப் பின்னணிக்குக் கொண்டு சேர்த்தனர். இதுவே 'பறக்கும் மருத்துவ வண்டி' எனப் பெயர் பெற்றது. பின்னர், எகிப்துப் படையெடுப்பின்போது, ஒட்டகத்தின் இருபுறமும் கூடைகளைத் தொங்கவிட்டு, அவற்றில் புண்பட்டோரைச் சுமந்து செல்லச் செய்தார்.

யாரை முதலில் காப்பது என்னும் வினாவுக்கும் லாரே விடை கண்டார். தலைவன், காவலாள் என்னும் வேற்றுமையை அவர் பாராட்டவில்லை. எவனுடைய புண் கொடியதோ அவனுக்கே முதலிடம் என்றார். பகைவனாயினும் அவ்விதியே விதி.

1812ஆம் ஆண்டில் பிரஞ்சுப் படை உருசிய நாட்டிலிருந்து பின்வாங்கியது. பெரெசினா ஆற்றுப் பாலத்தில் ஆயிரக்கணக்கானோர் நெருக்கித் தள்ளி, ஒருவரையொருவர் மிதித்து முந்தினர். அந்நெருக்கத்தில் லாரேயும் சிக்கினார். அவரை அடையாளம் கண்ட வீரர்கள், தம் உயிர் தப்புவதே அரிதாயிருந்த அவ்வேளையிலும், அவரைத் தலைக்குமேல் தூக்கிக் கைக்குக் கை மாற்றி அக்கரை சேர்த்தனர்.

லாரே 1842ஆம் ஆண்டில் மறைந்தார். இன்று நோயுற்றோரையும் விபத்துக்குள்ளானோரையும் நாடி விரையும் ஆம்புலன்சு ஊர்தி, அவர் அமைத்த வண்டியின் வழிவந்ததாகும். துன்புற்றவர் தேடி வரும்வரை காத்திராது, துன்பம் உள்ள இடத்திற்கு உதவியே விரைந்து செல்லவேண்டும் என்பது அவர் வாழ்க்கை உணர்த்தும் பாடம்.