கழிமுகச் சேறு எவ்வளவு வேகமாகப் படிகிறது?

கழிமுகம் தூர்ந்து படகு தரைதட்டும் ஊர்களில் மீனவர்கள் கேட்பதும், கடலியல் மாணவர்கள் ஆய்வுக்கு எடுத்துக்கொள்வதும் ஒரே கேள்விதான்: ஆண்டுக்கு எவ்வளவு சேறு சேர்கிறது? இதற்கு விடை தருவது ஈயம்-210 என்னும் கதிரியக்க ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் வேறு எடையுள்ள வடிவம்). பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டாம். கடலில் எதையும் கொட்டுவதில்லை. இயற்கையாகவே அங்கிருப்பதை அளக்கிறோம், அவ்வளவுதான்.

மண்ணில் உள்ள யுரேனியம் படிப்படியாகச் சிதைகையில் ரேடான் வாயு பிறக்கிறது. காற்றில் கலந்த ரேடான் சில நாட்களில் சிதைந்து, முடிவில் ஈயம்-210 ஆகிறது. மழையோடு இறங்கும் இந்த ஈயம், களிமண் துகள்களில் ஒட்டிக்கொண்டு அடியில் படிகிறது. மேலே புதுச் சேறு மூடியதும் காற்றிலிருந்து வரும் வரவு நின்றுவிடும். இருப்பது சுமார் 22 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகும். ஆழம் 10 செ.மீ. கூடும்போதெல்லாம் அளவு பாதியானால், ஆண்டுக்கு ஏறத்தாழ 4.5 மி.மீ. படிந்திருக்கிறது என்று பொருள். நூறு, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த முறை எட்டாது.

சேற்றில் உள்ள ரேடியம்-226 தானும் சிறிது ஈயம்-210ஐ உண்டாக்கிக்கொண்டே இருக்கும். அதைக் கழித்த பிறகே கணக்கிட வேண்டும். காமா கருவியில் அளப்பவர்கள் மாதிரியைக் காற்றுப்புகாமல் மூடி மூன்று வாரம் காத்திருப்பது இதற்காகத்தான். மணவாளக்குறிச்சி போன்ற, மோனசைட் என்னும் கதிரியக்கக் கனிமம் கலந்த மணல் கரைகளில் இந்தப் பின்னணி அளவை வேறிடத்திலிருந்து கடன் வாங்கவே கூடாது.

மேல் சில சென்டிமீட்டரில் ஈயம்-210 அளவு மாறாமல் இருந்தால் ஐயப்படுங்கள். நண்டும் புழுவும் கிளறியிருக்கலாம், இழுவலை உழுதிருக்கலாம். 53 நாட்களில் பாதியாகும் பெரிலியம்-7 ஆழத்திலும் தென்பட்டால், கிளறல் நடந்திருக்கிறது அல்லது மிக அண்மையில் ஏராளமாகப் படிந்திருக்கிறது. நடுவே திடீரென்று அளவு சரிந்தால், வயதைக் கணிக்கும் முன் துகளின் பருமனைப் பாருங்கள். மணலில் இந்த ஈயம் அதிகம் ஒட்டாது. 2004 ஆழிப்பேரலையோ பெருவெள்ளமோ விட்டுச்சென்ற மணலடுக்காக இருக்கலாம்.

சிலர் தோண்டும்போது கிடைத்த பிளாஸ்டிக் உறையின் ஆழத்தை அதன் வயதால் வகுத்து வேகம் சொல்கிறார்கள். நண்டு வளையில் விழுந்த உறையும் ஆழத்தில்தான் கிடக்கும். இதை நம்பித் தூர்வாரச் செலவிடுவது வீண்.

மாதிரி எடுக்க, தூர்வாராத, அலை அடங்கிய சேற்றுப் பகுதியைத் தேர்ந்தெடுங்கள். அதில் ஒரு குழாயை மெதுவாக இறக்கி, உள்ளே சேறு எவ்வளவு அமுங்கியது என்று உடனே குறியுங்கள். ஒரு சென்டிமீட்டர் வில்லைகளாக அறுத்து, குழாயில் உரசிய ஓரத்தை நீக்குங்கள். அணுகுண்டுச் சோதனைகளால் 1963 வாக்கில் உச்சம் தொட்ட சீசியம்-137ஐயும் அளந்து ஒப்பிடுங்கள். உப்புநீரில் அது இடம்பெயரும் என்பதால், மங்கலான உச்சத்தை மட்டும் நம்ப வேண்டாம். ஒரே குழாயை வைத்து முழுக் கழிமுகத்துக்கும் தீர்ப்பு எழுதாதீர்கள். வாய்ப்பகுதி, நடுப்பகுதி, உட்பகுதி என மூன்று இடங்களிலாவது எடுங்கள்.