நாற்பதாம் சாலையில் பேஸ்பால் மாலைகள்

வட கரோலினாவின் சிறிய ஊர்களில் இருக்கும் பேஸ்பால் மைதானங்களைக் காரில் சுற்றிப் பார்க்கப் போகிறீர்களா? வரைபடத்தை அப்புறம் விரிக்கலாம், முதலில் ஆட்ட அட்டவணையைப் பாருங்கள். மேஜர் லீகுக்குக் கீழே உள்ள மைனர் லீகில் 2021 முதல் பெரும்பாலும் ஓர் அணி இன்னோர் ஊருக்குப் போனால் செவ்வாய் தொடங்கி ஞாயிறு வரை அங்கேயே தங்கி ஆறு ஆட்டம் ஆடுகிறது. திங்கள் ஓய்வு. இந்த வாரம் ஆறு நாளும் ஆட்டம் நடந்த மைதானம் அடுத்த வாரம் பூட்டிக் கிடக்கலாம். இது தெரியாமல் என் முதல் பயணத்தில் இரண்டு மணி நேரம் ஓட்டிப் போய், ஒரு திங்கட்கிழமை மாலை பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

பெரும்பாலான அணிகளுக்கு ஏப்ரல் முதல் வாரத்திலிருந்து செப்டம்பர் முற்பாதி வரை ஆட்டங்கள் நடக்கும். ஜூலை, ஆகஸ்டில் புழுக்கம் தாங்காது, சாயங்காலம் இடிமழையும் கொட்டும். என்னைக் கேட்டால் மே மாதம்தான். மழையால் ஆட்டம் நின்றாலும் மனம் தளர வேண்டாம். பெரும்பாலும் மறுநாள் ஏழு இன்னிங்ஸ் வீதம் இரண்டு ஆட்டங்களை அடுத்தடுத்து ஆடிவிடுவார்கள்.

பயணத்தை டர்ஹமில் தொடங்குங்கள். ராலே-டர்ஹம் விமான நிலையத்தில் இறங்கிக் கார் எடுத்தால் அரை மணிக்குள் ஊர். மேஜர் லீகின் முப்பது அணிகளுக்கும் தலா நான்கு படிகளில் வளர்ப்பு அணிகள் உண்டு, ஆக மொத்தம் 120. அவற்றில் மேல்படியான டிரிபிள்-ஏ-வில் ஆடுவது டர்ஹம் புல்ஸ். இங்கே நேற்று ஆடியவர் நாளை டிவியில் தெரியலாம். மேலே ஆடிவிட்டுக் கீழே அனுப்பப்பட்டவரும் இதே வரிசையில் நிற்பார். 1995-ல் திறந்த இந்த மைதானத்தின் இடப்பக்கம் 32 அடி உயர நீலச் சுவர் ஒன்று இருக்கிறது. அதற்கு மேலே ஒரு காளை உருவம். பந்து காளைமேல் பட்டால் அடித்தவருக்கு ஸ்டேக் விருந்து, அதன் காலடிப் புல்லில் பட்டால் சாலட். ஹோம் ரன் விழும்போது காளையின் கண் சிவக்கும், மூக்கில் புகை வரும். 1988-ல் வந்த ‘புல் டர்ஹம்’ படத்துக்காக முதன்முதலில் பழைய மைதானத்தில் வைத்த இந்தக் காளை வடிவம், ஊரின் அடையாளமாகவே நிலைத்துவிட்டது. அந்தப் படம் எடுத்த பழைய மைதானம் இன்னும் நிற்கிறது, சுமார் ஒன்றரை கிலோமீட்டர்தான், நடந்தே போய்ப் பாருங்கள். புது மைதானத்தை ஒட்டி, செங்கல்லில் எழுந்த பழைய சிகரெட் ஆலை இப்போது உணவகங்களும் அலுவலகங்களுமாக மாறியிருக்கிறது. ஆட்டத்துக்கு முன் இரண்டு மணி நேரம் அங்கே நல்லபடியாகப் போகும்.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. மைதானங்களில் பிரெட்ஸல், வறுத்த வேர்க்கடலை, நாச்சோஸ் கிடைக்கும். ஒரு வாரம் அதிலேயே ஓட்ட முடியாது. டர்ஹமை விடுமுன் பக்கத்திலுள்ள கேரி, மோரிஸ்வில் பகுதிக்குப் போங்கள். தென்னிந்திய உணவகங்கள் உண்டு. கேரி வெங்கடேஸ்வரர் கோயிலில் 2022-ல் எழுந்த 87 அடி ராஜகோபுரத்தையும் கண்டுவிட்டு, புளியோதரை கட்டிக்கொண்டு கிளம்பலாம்.

இனி நாற்பதாம் எண் நெடுஞ்சாலையில் மேற்கே ஒரே போக்கு. வழியில் பர்லிங்டன். 2021-ல் மைனர் லீகைச் சுருக்கியபோது நாற்பதுக்கும் மேற்பட்ட ஊர்கள் அணியை இழந்தன, இதுவும் அவற்றில் ஒன்று. இப்போது கோடையில் கல்லூரிப் பையன்கள் ஆடுகிறார்கள். ஜூன், ஜூலையில் போனால் ஒரு மாலையை இந்த ஊருக்குக் கொடுங்கள். அணி போன பின்னும் விளையாட்டை விடாத ஊர் அது.

அடுத்து கிரீன்ஸ்பரோ, அங்கிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குள் வின்ஸ்டன்-சேலம். இரண்டும் ஒரே லீக். இரண்டு அணிகளும் தங்களுக்குள்ளேயே மோதும் வாரமானால் ஏதாவது ஒரு மைதானத்தில்தான் ஆட்டம் இருக்கும். கிரீன்ஸ்பரோவுக்கு முன்னுரிமை தருவேன். பேட்டர் கீழே போட்ட மட்டையை ஓடிவந்து கவ்விச் செல்லும் லாப்ரடார் நாய்களால் பேர்பெற்ற அணி அது. குழந்தைகள் கூட வந்தால் இதைத் தவறவிடாதீர்கள்.

ஹிக்கரி வழியாக மலையேறினால் ஆஷ்வில். 1924-ல் திறந்த மக்கார்மிக் மைதானம் மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இடம் போதாததால் வலப்பக்க எல்லை 300 அடிகூட இல்லை, அதை ஈடுகட்ட 36 அடிச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். வேறு ஊரில் எளிதாக ஹோம் ரன் ஆகும் பந்து இங்கே சுவரில் மோதித் திரும்பும். அண்மையில் புதுப்பிப்பு வேலைகள் நடந்ததால் பழைய படங்களில் கண்டதுபோலவே இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அணியின் பெயரே ‘டூரிஸ்ட்ஸ்’. நீங்களும் அதுதானே. இந்த ஊரில் ஒரு நாள் கூடுதலாகத் தங்குங்கள்.

எங்கே போனாலும் டிக்கெட் எடுக்கும்போது மூன்றாம் பேஸ் பக்கம் கேளுங்கள். பெரும்பாலான மைதானங்களில் மாலை வெயில் முதுகுக்குப் பின்னே விழும், நிழலும் முதலில் அங்கேதான் வரும். பல இடங்களில் ரொக்கம் வாங்குவதில்லை, பைகளுக்கும் கட்டுப்பாடு உண்டு. கிரிக்கெட் பார்த்துப் பழகிய நமக்கு ஒரு செய்தி: இங்கே கூட்டத்துக்குள் வந்து விழும் பந்தைத் திருப்பித் தர வேண்டியதில்லை, பிடித்தவருக்கே சொந்தம். அதனாலேயே பந்திலிருந்து கண்ணை எடுக்காதீர்கள், வலை இல்லாத பகுதியில் உட்கார்ந்தால் அது பாதுகாப்புக்கும் அவசியம்.

கடைசி இரண்டு நாட்கள் கிழக்கே. சார்லட்டில் வானளாவிய கட்டடங்களின் மடியில் டிரிபிள்-ஏ மைதானம், காட்சிக்காகவே ஒரு மாலை போதும். நான் அதிக நேரம் கேட்பது பக்கத்திலுள்ள கனாப்பலிஸுக்கு. ‘கேனன்’ பிராண்டு டவல்களை நெய்த ஆலை நகரம் இது. 2003-ல் ஆலை மூடியபோது ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். பின்பு ஊரின் நடுவிலேயே மைதானம் கட்டினார்கள். கொரோனாவால் 2020 முழுக்கக் காத்திருந்து 2021-ல் முதல் ஆட்டம் நடந்தது. இது கீழ்ப்படியான சிங்கிள்-ஏ, ஆடுபவர்களில் பலர் இருபது, இருபத்தொரு வயதுக்காரர்கள். மைனர் லீக் வீரர்களுக்கான 2023 ஒப்பந்தத்துக்கு முன் இந்தப் படியில் ஆண்டுச் சம்பளம் சுமார் 11,000 டாலர். அந்த ஒப்பந்தம் அதை 26,200 ஆக்கியது. கேட் திறந்ததும் உள்ளே போய் வேலியோரம் நில்லுங்கள். கையெழுத்துக் கேட்டால் பெரும்பாலும் நின்று போட்டுத் தருவார்கள், பெயரைச் சொல்லி அழைத்துக் கேளுங்கள்.

ஞாயிறு பகலாட்டத்தை இங்கே வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டம் முடிந்ததும் எழுந்துவிடாதீர்கள். ஞாயிறுகளில் பல அணிகள் குழந்தைகளை மைதானத்துக்குள் விட்டு, நான்கு பேஸையும் சுற்றி ஓட விடுகின்றன. பிள்ளைகளுக்கு நாடா கட்டிய ஷூ போட்டுக் கூட்டிப்போங்கள்.